கிளீவ்லாந்துக்கு வந்த 512 மில்லியன் டாலர்: எங்கே போனது, யார் முடிவு செய்தது?

ஏரிக்கரைவாசி (ஓல்டு புரூக்ளின், கிளீவ்லாந்து, ஒஹையோ மாநிலம்) – ஜனவரி 2025

இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. வண்டியை எடுக்க வழியில்லை. அதனால் பல நாளாக மனதில் கிடந்த கேள்வியை இங்கே போடுகிறேன்.

2021 மார்ச் 11 அன்று பைடன் கையெழுத்துப் போட்ட கொரோனா நிவாரணச் சட்டம் நினைவிருக்கும், அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான். எல்லோரும் ஆர்ப்பா என்றுதான் சொல்கிறார்கள். நம் வங்கிக் கணக்குக்கு வந்த 1,400 டாலர் அதில் வந்ததுதான். அதே சட்டத்தில் மாநிலங்கள், கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகரங்கள், பழங்குடி அரசுகளுக்கென்று தனியாக 350 பில்லியன் டாலர் இருந்தது. எங்கள் கிளீவ்லாந்துக்கு மட்டும் சுமார் 512 மில்லியன். அமெரிக்க நகரங்களில் எட்டாவது பெரிய தொகை.

இந்தப் பணம் எதற்கு என்று டிசம்பர் 31, 2024-க்குள் முடிவு கட்டியாக வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி போன மாதம் போய்விட்டது. என் தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது இரண்டே இரண்டு. எதிர்வீட்டுக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, மாதம் 18 டாலர் இன்டர்நெட். இன்னொன்று, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வந்த கடிதம். ஆஸ்பத்திரிக் கடன் தீர்ந்தது, இனி எதுவும் கட்ட வேண்டாம் என்று இருந்தது. ஏதோ மோசடி என்று நினைத்துக் குப்பையில் போடப் போனார், நான்தான் தடுத்தேன்.

மீதி எங்கே? குற்றம் சொல்ல வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்தக் குழுவில் நகராட்சிக் கணக்கு பார்ப்பவர்கள் ஓரிருவர் இருப்பது தெரியும்.

மதுரைக்காரன்

மில்லியன் பில்லியன் என்றால் தலை சுற்றுகிறது சார். கோடியில் சொல்லுங்கள்.

ஏரிக்கரைவாசி

51 கோடியே 20 லட்சம் டாலர். 2020 கணக்கெடுப்பில் எங்கள் ஊர் மக்கள்தொகை 3,72,624. தலைக்கு 1,370 டாலருக்கு மேல் வருகிறது.

கொலம்பஸ் குமரன்

இதைப் படித்ததும் வயிறு எரிகிறது. எங்கள் கொலம்பஸில் 9 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். மாநிலத் தலைநகரம். எங்களுக்கு வந்தது சுமார் 187 மில்லியன்தான். உங்களில் பாதிகூட இல்லை. தியாகராஜ ஆராதனைக்காக ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் சமயத்தில் கிளீவ்லாந்து வருகிறேன், பார்க்கிங் தேட வேண்டிய அவசியமே இல்லாத டவுன்டவுன். அங்கே இவ்வளவு பணமா? யார் போட்ட கணக்கு இது?

கணக்கப்பிள்ளை (ஒஹையோவில் ஒரு சின்ன ஊர் நகராட்சியில் நிதிப் பிரிவு)

குமரன் தம்பி, பார்க்கிங் கிடைக்கிறது என்றீர்களே, கிட்டத்தட்ட அதுதான் காரணம். கேலியாகச் சொல்லவில்லை.

கவுண்டிகளுக்கு மக்கள்தொகைப்படி பிரித்தார்கள். 50,000-க்குக் குறைந்த சின்ன ஊர்களுக்கும் தலைக்கணக்குதான், பணம் மாநிலம் வழியாக வந்தது. பெரிய நகரங்களுக்கு மட்டும் புதிதாகச் சூத்திரம் எழுதாமல், 1970களிலிருந்து சமூக மேம்பாட்டு நிதிக்குப் பயன்படும் பழைய சூத்திரத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவசரத்தில் எழுதிய சட்டம், கையில் இருந்ததை எடுத்தார்கள்.

அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. முதல் வடிவத்தில் மக்கள்தொகைக்கு 25 சதவீதம், வறுமைக்கு 50, வீட்டுக்குள் நெரிசலுக்கு 25. இரண்டாவதில் வறுமைக்கு 30 சதவீதம், ‘வளர்ச்சிப் பின்னடைவு’க்கு 20, 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50. எந்த வடிவத்தில் அதிகம் வருகிறதோ அது அந்த ஊருக்கு. வளர்ச்சிப் பின்னடைவு என்றால், 1960-லிருந்து மற்ற நகரங்கள் வளர்ந்த வேகத்தில் இந்த ஊரும் வளர்ந்திருந்தால் எவ்வளவு பேர் இருந்திருக்க வேண்டும், அதில் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. 1960-ல் கிளீவ்லாந்தில் 8,76,050 பேர். இப்போது அதில் பாதிகூட இல்லை. போன மக்கள்தான் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டுக்கு 827 மில்லியன், செயின்ட் லூயிஸுக்கு 498 மில்லியன் என்று வந்ததும் இதே கதை. கொலம்பஸ் வளர்ந்துகொண்டே இருக்கும் ஊர். அதற்கான தண்டனை.

ஆக, கொரோனாவால் யாருக்கு எவ்வளவு அடி என்று யாரும் அளக்கவில்லை. பழைய காயத்தைத்தான் அளந்தார்கள். என்னைக் கேட்டால் அது ஒன்றும் மோசமான அளவுகோல் இல்லை.

ஏரிக்கரைவாசி

1940-க்கு முன் கட்டிய வீட்டுக்கு 50 சதவீதமா! என் வீடு 1926. குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று விசில் அடிக்கும். ஜன்னல் சட்டத்தைச் சுரண்டினால் ஈயப் பெயின்ட் ஏழு அடுக்கு வரும். அந்த ஜன்னலும் ஊருக்கு நிதி கொண்டுவந்தது என்று இன்றுதான் தெரிகிறது. மனைவியிடம் சொன்னேன். ‘அப்படியானால் அந்த நிதியில் ஜன்னலை மாற்றித் தரச் சொல்’ என்கிறாள்.

சந்தேகசாமி

வந்த கதை இருக்கட்டும். போன கதையைப் பேசுவோம். எல்லா ஊரிலும் போலீஸ் சம்பளத்துக்குத்தான் போனது. சிகாகோவில் 281 மில்லியன் போலீஸுக்கே கொடுத்தார்கள், செய்தியில் வந்தது. இதுதான் நிவாரணமா?

கணக்கப்பிள்ளை

சாமி, நீங்கள் சொல்லும் 281.5 மில்லியன் முந்தைய வருஷம் வந்த கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்தின் பணம். ஆர்ப்பா வேறு. ஆனால் உங்கள் சந்தேகம் தப்பான இடத்தில் விழவில்லை. ஆர்ப்பாவில் வந்த சுமார் 1.9 பில்லியனில் 1.3 பில்லியன் அளவுக்கு ‘வருவாய் இழப்பு’ என்ற பெட்டியில்தான் சிகாகோ போட்டது. இந்த விஷயத்தின் மர்மமே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சட்டத்தில் நான்கு வழி இருந்தது. தொற்றுநோயும் அதனால் வந்த பொருளாதாரப் பாதிப்பும் ஒன்று. அத்தியாவசியப் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம், மணிக்கு 13 டாலர் வரை, ஆளுக்கு மொத்தம் 25,000-க்கு மேல் கூடாது. குடிநீர், கழிவுநீர், பிராட்பேண்ட் ஒன்று. நான்காவது, நகரத்துக்கு வருவாய் குறைந்திருந்தால் அந்த அளவுக்கு ‘அரசுச் சேவைகள்’ எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். முதல் மூன்றிலும் ஒவ்வொரு டாலருக்கும் காரணம் எழுத வேண்டும். நான்காவதில் சாலை போடலாம், போலீஸ் சம்பளம் கொடுக்கலாம், குப்பை லாரி வாங்கலாம்.

வருவாய் எவ்வளவு குறைந்தது என்று எப்படி அளப்பது? கொரோனாவுக்கு முந்தைய வருஷத்தில் 100 ரூபாய் வந்தது என்று வையுங்கள். அடுத்த வருஷம் 5.2 சதவீதம் கூடியிருக்கும் என்று கருவூலத் துறை வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆரம்பத்தில் 4.1 என்றார்கள், 2022 ஜனவரியில் வந்த இறுதி விதியில் 5.2 ஆனது. உங்கள் ஊரின் பழைய வளர்ச்சி அதைவிட அதிகமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆக 105.20 வந்திருக்க வேண்டும். நிஜத்தில் 103 வந்தது. அப்படியானால் இழப்பு 2.20. கவனியுங்கள், வருமானம் 3 ரூபாய் கூடியிருக்கிறது, ஆனாலும் இழப்பு! இதே கணக்கை 2020, 2021, 2022, 2023 என்று நான்கு முறை போடலாம்.

இதைவிட எளிய வழியும் இருந்தது. கணக்கே போட வேண்டாம், 10 மில்லியன் வரை இழப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதே இறுதி விதியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்த மொத்தமே அதற்குக் கீழேதான். ஒரு பெட்டியில் டிக் அடித்தோம், முடிந்தது. அன்று மதியம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டோனட் வாங்கிவந்தார்.

சந்தேகசாமி

அதாவது நஷ்டமே இல்லாமல் நஷ்டக் கணக்கு. டோனட்டுடன்.

கணக்கப்பிள்ளை

முழுக்க அப்படியும் இல்லை. கிளீவ்லாந்துக்கு இழப்பு நிஜம். ஒஹையோவில் நகரங்கள் பிழைப்பதே வருமான வரியில்தான், கிளீவ்லாந்தில் 2.5 சதவீதம், அதுவும் வேலை செய்கிற இடத்தில் கட்ட வேண்டியது. டவுன்டவுன் ஆபீஸில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் புறநகர்வாசிகள். அவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சோலன் சிவா

ஆஜர். அந்தப் புறநகர்வாசி நான்தான். 2020 மார்ச்சிலிருந்து டவுன்டவுன் பக்கமே போகவில்லை, என் வீட்டு நிலவறையில்தான் வேலை. ஆனாலும் சம்பளத்தில் கிளீவ்லாந்து வரி பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆபீஸில்தான் வேலை செய்கிறோம் என்று பாவித்து வரி பிடிக்கலாம் என்று மாநிலம் அவசரச் சட்டம் போட்டிருந்தது. 2020-க்கான பணம் கிடைக்கவில்லை. ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2024-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2021-க்கு மட்டும் திரும்பக் கேட்கலாம் என்று விதி மாறியது. எந்தெந்த நாள் எங்கே உட்கார்ந்து வேலை செய்தேன் என்று காலண்டர் தயாரித்து, மேனேஜர் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கிடைத்தது. இப்போது இதைப் படிக்கும்போது, ஊரின் வருவாய் இழப்பில் ஒரு துளி நான் என்று கொஞ்சம் குற்ற உணர்ச்சி. ரொம்ப இல்லை.

மீனா லேக்வுட்

அண்ணா, சூத்திரமும் வரியும் நன்றாகவே புரிந்தது. ஆனால் இழையின் தலைப்பில் ‘யார் முடிவு செய்தது’ என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை.

பி.பி. சி.எல்.இ. என்று ஒரு மக்கள் இயக்கம் இருந்தது. 512 மில்லியனில் 30.8 மில்லியனை மட்டும், கிட்டத்தட்ட 6 சதவீதம், மக்களே திட்டம் போட்டு மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று கேட்டார்கள். மேயர் ஜஸ்டின் பிப் 2022 ஜனவரியில் பதவிக்கு வந்தார், அப்போது அவருக்கு வயது 34. பதினாறு வருஷம் மேயராக இருந்த ஃபிராங்க் ஜாக்சனுக்குப் பிறகு வந்த இளைஞர் என்பதால் எல்லோருக்கும் நம்பிக்கை. அவர் 5 மில்லியன் அளவுக்கு ஒரு சோதனை முயற்சி என்று சுருக்கி ஆதரித்தார். 2023 ஆரம்பத்தில் கவுன்சிலில் அதுவும் தேறவில்லை.

விடவில்லை. நகர சாசனத்தையே திருத்தலாம் என்று கையெழுத்து வாங்கி, 2023 நவம்பரில் ‘இஷ்யூ 38’ என்று வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். படிப்படியாக ஏற்றி நகரத்தின் பொது நிதியில் 2 சதவீதத்தை மக்கள் முடிவுக்கு விடுவது. 13 வயதுப் பிள்ளைகளும் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்கலாம் என்று இருந்தது. நான் சில சனிக்கிழமைகளில் துண்டறிக்கை கொடுக்கப் போனேன். லேக்வுட்டில் இருப்பதால் எனக்கு இதில் ஓட்டே கிடையாது, அது வேறு விஷயம். இந்த முறை மேயரும் எதிர்த்தார், கவுன்சிலும் எதிர்த்தது, நகரத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. அப்படியும் 49-க்கு 51 என்ற அளவில்தான் தோற்றது.

வெஸ்ட் சைடு மார்க்கெட் வாசலில் ஒரு தாத்தா நின்று முழுவதும் படித்தார். ‘பணம் யாருடையது என்று எழுதியிருக்கிறாய், பள்ளத்தை யார் மூடுவார் என்று எழுதவில்லையே’ என்றார். பதில் வரவில்லை எனக்கு. துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.

சந்தேகசாமி

மீனா, கோபிக்க வேண்டாம். நான் கவுன்சில் பக்கம். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம், முடிவெடுப்பதுதான் அவர்கள் வேலை. எடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். துண்டறிக்கை கொடுக்க நேரம் இருப்பவர்கள் கூட்டம் கூடி ஓட்டுப் போட்டால் அது மக்கள் முடிவு ஆகிவிடுமா? இரண்டு வேலை பார்க்கும் தாய் எப்போது வருவாள்?

மீனா லேக்வுட்

சரி, தேர்ந்தெடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போமே. கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா கவுண்டிக்குத் தனியாக 240 மில்லியன் வந்தது. கவுண்டி கவுன்சிலில் 11 உறுப்பினர்கள். தலைக்கு 6 மில்லியன், மொத்தம் 66 மில்லியன், அவரவர் பகுதியில் அவரவர் சொல்லும் திட்டத்துக்கு. எம்.பி. தொகுதி நிதி மாதிரியே. எந்த அளவுகோலில் தேர்வு செய்தீர்கள் என்று பத்திரிகைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. இரண்டு வேலை பார்க்கும் அந்தத் தாயை அங்கேயும் யாரும் கேட்கவில்லை சாமி.

சந்தேகசாமி

66 மில்லியன் விஷயம் எனக்குத் தெரியாது. அது அசிங்கம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

டெட்ராய்ட் வாத்தியார்

எழுபது வயதுக்காரன், மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன். எங்கள் ஊரிலும் பாதிக்கு அருகில் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போனது. மீதியில் எனக்குப் பிடித்தது கூரைத் திட்டம். முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் வீட்டுக் கூரையை நகராட்சியே மாற்றித் தருவது, 30 மில்லியனில் தொடங்கினார்கள். என் தெருவில் ஒரு மூதாட்டி, மாடி அறையில் நான்கு வாளி வைத்திருந்தார். எந்த வாளி எப்போது நிரம்பும் என்று மனப்பாடம். கூரை மாற்றிய பிறகு முதல் மழைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேசாமல் கேள் என்றார். சத்தமே இல்லை. வாளிகளை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அன்னதானம்

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். நான் ஒரு சின்ன உணவு வங்கியில் வார இறுதியில் உதவுபவன். ஊர் பெயர் வேண்டாம். எங்களுக்கும் இந்த நிதியில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள், படம் எல்லாம் எடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, முதலில் நாங்கள் செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். எங்கள் கணக்கில் இரண்டு மாத வாடகைக்குத்தான் பணம். குளிர்பதனப் பெட்டிக்கு மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி, மத்திய அரசுப் பதிவு எண், ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்ற பட்டியல், மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. எங்களில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. கடைசியில் பாதியைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டோம். பெரிய அமைப்புகளுக்கு அதற்கென்றே ஆள் இருக்கிறது, அவர்களால் முடிகிறது.

கணக்கப்பிள்ளை

அன்னதானம் சார், படிக்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த ரசீது கேட்கிற ஆள் நான்தான் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கொடுத்த பணத்தில் தணிக்கையாளர் ஏதாவது தப்பு கண்டுபிடித்தால், திருப்பிக் கட்ட வேண்டியது நகராட்சி. அதனால் பயந்துகொண்டே கொடுப்போம். ‘வருவாய் இழப்பு’ பெட்டியில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நகரங்கள் அந்தப் பெட்டியை விரும்பியதற்கு முக்கியமான காரணம் பேராசை இல்லை, காகித வேலை.

இன்னொரு தந்திரமும் உண்டு, மறைக்க வேண்டாம். ஓய்வூதிய நிதியில் போடக் கூடாது, பழைய கடனை அடைக்கக் கூடாது, மழைக்கால நிதி என்று சேமிக்கக் கூடாது என்று விதியில் இருக்கிறது. ஆனால் ஆர்ப்பா பணத்தில் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அதற்கென்று வைத்திருந்த சொந்தப் பணத்தைச் சேமித்தால்? இடது பையில் எடுத்து வலது பையில் போட்டது, அவ்வளவுதான். விதிப்படி சரி. இதைப் பல ஊர்கள் செய்தன. 2008-க்குப் பிறகு ஆள் குறைத்து, அந்த ஆட்களைத் திரும்ப எடுக்கப் பல வருஷம் ஆனதை என் மேலதிகாரிகள் நேரில் பார்த்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏரிக்கரைவாசி

தேடியதில் எனக்குக் கிடைத்ததைப் போடுகிறேன். 2,50,000 பேருக்கு மேல் இருக்கும் நகரங்கள் வருஷா வருஷம் ஜூலை இறுதிக்குள் மக்கள் பார்வைக்கு அறிக்கை வெளியிட வேண்டும். நேற்று இரவு அதில்தான் மூழ்கிக் கிடந்தேன்.

எதிர்வீட்டு வெள்ளைப் பெட்டி: டிஜிட்டல்சி என்ற லாப நோக்கமற்ற அமைப்புக்கு 2023-ல் 20 மில்லியன். ஆஸ்பத்திரிக் கடன் கடிதம்: வெறும் 1.9 மில்லியன். வசூலாகாத கடனை ஒரு டாலர் கடனுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் மொத்தமாக வாங்கித் தள்ளுபடி செய்கிற அமைப்புக்குக் கொடுத்தது. நான் கண்ணால் பார்த்த இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் 5 சதவீதம்கூட இல்லை! பழைய தொழிற்சாலை நிலங்களைச் சுத்தம் செய்து, புதிய ஆலைகள் வருவதற்குத் தயார்செய்ய ஒரே தவணையில் 50 மில்லியன். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பி வேலி போட்டு உள்ளே மரம் முளைத்துக் கிடக்கும் இடங்களைப் பார்க்கும்போது இனி வேறு மாதிரி தெரியும். பலன் வந்தால் பத்து வருஷம் கழித்து வரும். வீட்டு வசதி, மார்க்கெட் பழுது, ஈயப் பெயின்ட் என்று மற்றதெல்லாம். அப்புறம் கணிசமான பகுதி, அண்ணன் சொன்ன அந்த ‘வருவாய் இழப்பு’ பெட்டி.

மனைவிக்குப் பதில் சொல்லிவிட்டேன், ஜன்னல் நாம்தான் மாற்ற வேண்டும்.

கொலம்பஸ் குமரன்

ஒரு சந்தேகம். டிசம்பர் 31-க்குள் செலவழிக்காத பணம் திரும்பப் போய்விடுமா? எங்கள் ஊரில் நவம்பர் முழுக்க ஒரே பரபரப்பு.

கணக்கப்பிள்ளை

செலவழிக்க 2026 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. 2024 டிசம்பர் 31 என்பது ‘ஆப்ளிகேட்’ செய்ய, அதாவது கையெழுத்தான ஒப்பந்தத்தில் கட்டிப்போட. கவுன்சில் தீர்மானம் மட்டும் போதாது. அதனால்தான் கடைசி மாதங்களில், ஒப்பந்தம் வரை வராத திட்டங்களிலிருந்து பணத்தை உருவிச் சம்பளத்திலும் ஏற்கெனவே ஓடும் வேலைகளிலும் பல ஊர்கள் போட்டன. நீங்கள் பார்த்த பரபரப்பு அதுதான்.

நியூயார்க்கில் வேறு மாதிரி தலைவலி. மூன்று வயதுக் குழந்தைகளுக்கான இலவச வகுப்புகளை நிவாரணப் பணத்தில் விரிவாக்கினார்கள். நிவாரணப் பணம் ஒருமுறைதான், குழந்தைகள் வருஷா வருஷம் வருகிறார்கள்.

எங்கள் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். ஒரு பங்கில் தீயணைப்பு வண்டி வாங்க முடிவு செய்தோம். 2022-ல் ஆர்டர் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருப்பதால் முதல் கெடு பிரச்சினை இல்லை. ஆனால் நாடு முழுக்க எல்லா ஊரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்டால் எப்படிக் கிடைக்கும்? மூன்று, நான்கு வருஷம் வரிசை. இன்னும் வரவில்லை. பழைய வண்டியின் பம்ப்பை இரண்டு முறை பழுது பார்த்தாயிற்று, சொந்தப் பணத்தில்.

மதுரைக்காரன்

வண்டி வந்ததும் போட்டோ போடுங்கள் சார். சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ஓட்ட வேண்டும்.

கணக்கப்பிள்ளை – மூன்று வாரம் கழித்து

மதுரைக்காரரே, இன்று காலை வண்டிக் கம்பெனியிலிருந்து மெயில். டெலிவரி 2026 அக்டோபர் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சோதனை ஓட்டத்துக்கு ஒரு மாதம், பில் சரிபார்க்க இரண்டு வாரம், காசோலைக்கு கவுன்சில் ஒப்புதல். டிசம்பர் 31-க்கு முன்னால் சரியாகப் பதினாறு நாள் மிச்சம். நன்றி கூறும் விடுமுறையை நான் இதில் இன்னும் கழிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை இப்போதே வாங்கி வைக்க வேண்டாம்.